காட்சிக்குப் பிறந்த மெட்டுகள்: எண்பதுகளின் ஹாலிவுட் படங்களில் பாப், ராக் பாடல்கள்

1. பொருளும் எல்லையும்

1985 மார்ச்சில் நடந்த ஆஸ்கர் விழாவில் சிறந்த பாடலுக்கான விருதுக்கு ஐந்து பாடல்கள் போட்டியிட்டன. ‘த உமன் இன் ரெட்’ படத்துக்காக ஸ்டீவி வொண்டர் பாடியது, ‘அகெய்ன்ஸ்ட் ஆல் ஆட்ஸ்’ படத்துக்காக ஃபில் காலின்ஸ் பாடியது, ரே பார்க்கர் ஜூனியரின் ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’, ‘ஃபுட்லூஸ்’ படத்திலிருந்து இரண்டு. ஐந்துமே 1984-இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தவை. விருது ஸ்டீவி வொண்டருக்குப் போனது. அதே இரவில் ‘பர்ப்பிள் ரெய்ன்’ படத்தின் பாடல்களுக்காகப் பிரின்ஸும் ஓர் ஆஸ்கர் பெற்றார். அந்தப் படத்திலும் முதலிடப் பாடல்கள் இரண்டு உண்டு. சினிமாக் கொட்டகையும் வானொலியும் இவ்வளவு நெருங்கிப் புழங்கிய ஆண்டு அமெரிக்காவில் அபூர்வம்.

இந்தப் பாடல்களின் மேல் அன்று முதல் இன்று வரை ஒரு குற்றச்சாட்டு உண்டு. கேசட் விற்க எழுதப்பட்டவை, படத்தில் திணிக்கப்பட்டவை, எம்டிவியில் இலவச விளம்பரம் தேடியவை என்பார்கள். விற்பனை நோக்கம் இருந்தது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இவற்றில் நின்று நிலைத்தவற்றை எடுத்து, அவை உருவான விதத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பெரும்பாலானவை எடிட்டிங் மேசையில் ஓடிய காட்சியைப் பார்த்து, அதன் நீளத்துக்கும் வேகத்துக்கும் அளவெடுத்துச் செய்யப்பட்டவை. சொல்லிச் செய்வித்ததுதான் அவற்றின் வலிமை என்பது இக்கட்டுரையின் வாதம். இதற்கு ஒத்துவராத சான்றுகளும் உண்டு. அவற்றை எட்டாம் பகுதியில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆய்வு எல்லை 1982-இன் ‘ராக்கி 3’ முதல் 1989-இன் ‘சே எனிதிங்’ வரை. பின்னணி இசையைத் தேவைப்படும் இடத்தில் மட்டும் தொடுகிறேன்.

2. களம் அமைந்த விதம்

1977-இன் ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ வழிகாட்டி. பீ ஜீஸ் குழுவின் பாடல்கள் நிறைந்த அந்த இரட்டை ஆல்பம் 1978-இல் 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதையும் பெற்றது. பாட்டு முன்னே போய்ப் படத்துக்குக் கூட்டம் சேர்க்கும், படம் பின்னே வந்து பாட்டை விற்கும் என்ற கணக்கைத் தயாரிப்பாளர்கள் அதில்தான் கற்றார்கள். 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி தொடங்கியது. நாள் முழுவதும் ஒளிபரப்ப அந்த அலைவரிசைக்குப் பாடல் படங்கள் வேண்டியிருந்தன. படக்காட்சிகளை வெட்டிப் பாட்டோடு ஒட்டிக் கொடுத்தால் இரு தரப்புக்கும் லாபம். 1979-இல் வந்த வாக்மேன், கேசட்டை இளைஞர்களின் சட்டைப்பைக்குள் கொண்டு சேர்த்திருந்தது.

தமிழ் வாசகர் ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நம் ஊரில் சிச்சுவேஷனைச் சொல்லி மெட்டு வாங்கி, பாட்டைப் பதிவு செய்தபிறகே படப்பிடிப்புக்குப் போவார்கள், நடிகர் வாயசைப்பார். நான் எடுத்துக்கொண்ட ஹாலிவுட் படங்களில், ‘பர்ப்பிள் ரெய்ன்’ நீங்கலாக, பெரும்பாலும் படம் பிடித்து முடிந்தபிறகே பாட்டு வருகிறது. பாடும் குரல் எந்தப் பாத்திரத்துக்கும் சொந்தமில்லை. கதைக்கு வெளியே நின்று, பாத்திரம் சொல்ல முடியாததை அது சொல்கிறது.

3. மேசையில் ஓடிய காட்சி

3.1 ‘ராக்கி 3’ (1982)

சில்வஸ்டர் ஸ்டாலோன் தன் படத்தின் தொடக்கக் காட்சித் தொகுப்பை க்வீன் குழுவின் ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ பாடலுக்கு வெட்டி வைத்திருந்தார். படத்தில் அதைப் பயன்படுத்த அனுமதி கிடைக்கவில்லை. சர்வைவர் என்ற குழுவைச் சேர்ந்த ஜிம் பீட்டரிக்கின் தொலைபேசிப் பதிவுக் கருவியில் ஸ்டாலோன் ஒரு செய்தி விட்டார். காட்சிகளின் ரஃப் கட் ஒளிநாடாவில் வந்து சேர்ந்தது. பீட்டரிக்கும் ஃபிராங்கி சல்லிவனும் அதை ஓடவிட்டு, திரையில் விழும் குத்துகளுக்கு ஏற்பக் கித்தாரில் அடி போட்டார்கள்.

‘ஐ ஆஃப் த டைகர்’ பாடலின் தொடக்கத்தைக் கவனித்துக் கேட்க வேண்டும். ஒரே சுரத்தில் கித்தார் துடித்துக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் ஓர் அடி விழுகிறது, இடைவெளி. பிறகு அடுத்தடுத்து மூன்று அடி, மீண்டும் இடைவெளி. குத்துச்சண்டை பார்த்தவர்களுக்கு இது பழகிய கணக்கு. முதல் குத்து அளவு பார்ப்பது, அடுத்தவை தொடர்ந்து இறங்குபவை. இடைவெளியில் எதிராளி தள்ளாடுகிறார். மெட்டமைத்தவர்களின் கண்முன் அந்த நேரத்தில் நிஜமாகவே ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. காதால் மட்டும் யோசித்திருந்தால் இந்த இடைவெளிகளை இவ்வளவு துணிச்சலாக விட்டிருக்க மாட்டார்கள்.

பாடலின் கீழே ஓடும் காட்சிகளும் சாதாரணமானவை இல்லை. ஒருபக்கம் ராக்கி பட்டத்தைத் தக்கவைக்கிறான், விளம்பரங்களில் நடிக்கிறான், மெத்தனமாகிறான். மறுபக்கம் மிஸ்டர் டி நடித்த கிளப்பர் லாங் அவனைக் கவனித்துக்கொண்டே ஏறி வருகிறான். வெற்றியின் பாட்டு என்று உலகமே நினைக்கும் இது, படத்தில் ஒருவனின் சரிவின் மேல் ஒலிக்கிறது. புலியின் பார்வை அந்த நிமிடத்தில் எதிராளியிடம் இருக்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் இதை ஓடவிடுகிறவர்கள் பலருக்கு இந்த விவரம் தெரிந்திருக்காது.

படத்தில் ஒலிப்பது குழு அனுப்பிய டெமோ பதிவு. கடையில் விற்ற இசைத்தட்டில் மெருகேற்றிய பதிவு இருந்தது. அது ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது.

3.2 ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ (1984)

இதே முறையின் ஆபத்தான பக்கம் இங்கே இருக்கிறது. எடிட்டிங் வேளையில் தற்காலிகமாக ஒட்டி வைக்கும் பாட்டு, கேட்டுக் கேட்டு இயக்குநரின் காதில் ஊறிவிடும். பிறகு அதைப் போலவே ஒன்று வேண்டும் என்று தோன்றும். ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ காட்சிகளை வெட்டும்போது ஹூயி லூயிஸின் ‘ஐ வாண்ட் எ நியூ டிரக்’ பாடலை ஒட்டி வைத்திருந்தார்கள். ரே பார்க்கர் ஜூனியரின் பாடல் வெளிவந்து மூன்று வாரம் முதலிடம் பிடித்தது. தன் மெட்டைப் போல இருக்கிறது என்று லூயிஸ் வழக்குத் தொடுத்தார். 1985-இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆயிற்று.

அதே 1985-இல் ‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்துக்கு லூயிஸ் தன் சொந்த மெட்டைக் கொடுத்தார். ‘த பவர் ஆஃப் லவ்’ முதலிடத்துக்குப் போனது. படத்தில் பள்ளிக்கூட இசைப் போட்டிக்கு நாயகன் மார்ட்டி இதே பாட்டைக் கித்தாரில் வாசிக்கும்போது, சத்தம் அதிகம் என்று நிறுத்திவிடும் நடுவராக வருபவர் ஹூயி லூயிஸேதான்.

3.3 ‘ஃப்ளாஷ்டான்ஸ்’ (1983)

பகலில் பிட்ஸ்பர்க் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை, இரவில் மதுக்கூடத்தில் நடனம், மனத்தில் பாலே பள்ளியின் கனவு. ஏட்ரியன் லைன் இயக்கிய இந்தப் படத்தின் கதை அவ்வளவுதான். விமர்சகர்கள் கதை மெலிந்தது என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. அந்த மெலிவைப் பாட்டுகள் தாங்கின.

தலைப்புப் பாடலுக்கு மெட்டு ஜார்ஜியோ மொரோடர். வரிகளை எழுதியவர்கள் கீத் ஃபோர்சியும் பாடகி ஐரீன் காராவும். படத்தின் கடைசி நடனக் காட்சியை அவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பதிவுக்குப் போகும் வழியில் காரிலேயே வரிகள் பிறந்தன. அந்தக் காட்சியில் நாயகி அலெக்ஸ், நடனப் பள்ளியின் தேர்வாளர்கள் முன்னால் தன் இசைத்தட்டைத் தானே கிராமபோனில் வைக்கிறாள். மெதுவான தொடக்கம் ஒலிக்கிறது. ஆடத் தொடங்கியதும் தடுமாறி விழுகிறாள். எழுந்து போய் முள்ளை மறுபடி தொடக்கத்துக்கு எடுத்து வைக்கிறாள்.

பாட்டின் கட்டமைப்பு இந்த இடத்தில்தான் விளங்குகிறது. தாளம் இல்லாமல், தயங்கித் தயங்கி வரும் அந்த முன்பகுதி, வானொலிப் பாட்டுக்குக் கொஞ்சம் நீளம். கேட்பவர் பொறுமை இழந்து அலைவரிசையை மாற்றிவிடக்கூடும். ஆனால் விழுந்த பெண்ணுக்கு இரண்டாம் வாய்ப்பு கொடுக்க அந்த நீளம் தேவை. இரண்டாம் முறை அதே சுரங்களைக் கேட்கும்போது நமக்கே பதற்றமாக இருக்கிறது. டிரம் மெஷின் உள்ளே நுழையும்போது அவளும் நாமும் சேர்ந்து மூச்சு விடுகிறோம். இப்பாடல் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. 1983-க்கான ஆஸ்கரும் இதற்கே. ஆல்பம், மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ ஆல்பத்தையே இரண்டு வாரம் முதலிடத்திலிருந்து இறக்கியது.

அந்தக் கடைசி நடனத்தில் அலெக்ஸாக நடித்த ஜெனிஃபர் பீல்ஸுக்குப் பதிலாக மரீன் ஜஹான் உள்ளிட்ட வேறு சிலர் ஆடியிருக்கிறார்கள். பல உடல்களை ஒரே பெண்ணாக நம்பவைத்ததில் பாட்டுக்கும் பங்கு உண்டு. வெட்டுகள் எங்கே விழுந்தாலும் தாளம் அறுபடாமல் ஓடுகிறது.

4. மியூனிக்கிலிருந்து வந்த கைகள்

எண்பதுகளின் அமெரிக்கப் படப்பாட்டின் ஒலி ஒரு குறுகிய வட்டத்திலிருந்து வந்தது. இத்தாலியரான மொரோடர், ஜெர்மானியரான ஹரோல்ட் ஃபால்டர்மேயர், ஆங்கிலேய டிரம்மரான கீத் ஃபோர்சி. மூவரும் எழுபதுகளில் மியூனிக் நகர ஒலிப்பதிவுக் கூடங்களில் ஒன்றாக உழைத்தவர்கள். டோனா சம்மரின் ‘ஐ ஃபீல் லவ்’ 1977-இல் அங்கேதான் உருவானது. ‘மிட்நைட் எக்ஸ்பிரஸ்’ படத்தின் சிந்தசைசர் பின்னணி இசைக்கு மொரோடர் ஆஸ்கர் பெற்றார். அதில் ஃபால்டர்மேயர் அவருக்குத் துணை நின்றார்.

இவர்கள் கைபட்ட பட்டியல் மலைக்கவைக்கும். ‘ஃப்ளாஷ்டான்ஸ்’ பாடலில் மொரோடரும் ஃபோர்சியும். 1984-இன் ‘பெவர்லி ஹில்ஸ் காப்’ படத்தில் கிளென் ஃப்ரே பாடிய ‘த ஹீட் இஸ் ஆன்’ ஃபால்டர்மேயரும் ஃபோர்சியும் எழுதியது. குரலே இல்லாத ‘ஆக்சல் எஃப்’ ஃபால்டர்மேயருடையது. 1986-இன் ‘டாப் கன்’ படத்தில் பல பாடல்கள் மொரோடர், பின்னணி இசை ஃபால்டர்மேயர். அதன் முகப்பு இசையில் கித்தார் வாசித்தவர் ஸ்டீவ் ஸ்டீவன்ஸ். அவர் பில்லி ஐடலின் கித்தார்காரர். பில்லி ஐடலின் ஆல்பங்களைத் தயாரித்தவர் ஃபோர்சி. சுற்றிச்சுற்றி ஒரே குடும்பம்.

மெஷினைத் தாளமாகவும் சிந்தசைசரைத் தாழ்சுரமாகவும் வைத்துப் பழகிய இவர்களுக்கு, காட்சி எத்தனை நொடி என்று சொன்னால் அத்தனை நொடிக்குப் பிசகாமல் மெட்டு நெய்யத் தெரிந்தது. நடன அரங்குக்கு இசை செய்தவர்கள் என்பதால் வேகம் தளராமல் நீட்டவும் குறைக்கவும் பழகியிருந்தார்கள். டான் சிம்ப்சன், ஜெரி பிரக்ஹைமர் என்ற தயாரிப்பாளர் இணைக்கு வேண்டியதும் அதுவே. மேலே சொன்ன ‘ஃப்ளாஷ்டான்ஸ்’, ‘பெவர்லி ஹில்ஸ் காப்’, ‘டாப் கன்’ மூன்றும் இந்த இணையின் படங்கள்.

‘டாப் கன்’ தொடக்கம் நல்ல சான்று. விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் விடியல். நீராவிக்கு நடுவே ஆட்கள் கையசைத்துச் சைகை செய்கிறார்கள். இசை நிதானமாக மணியடித்துக்கொண்டு காத்திருக்கிறது. விமானம் தளத்தை விட்டுப் பாயும்போது கென்னி லாகின்ஸின் ‘டேஞ்சர் ஸோன்’ வெடித்துக் கிளம்புகிறது. பாட்டின் சொற்களில் பெரிதாக எதுவும் இல்லை என்பது என் கணிப்பு. இருக்கத் தேவையும் இல்லை. இயந்திரத்தின் உந்துவிசையை உடம்புக்குள் இறக்குவது மட்டுமே அதன் வேலை. அதைக் குறைவில்லாமல் செய்கிறது. அதே படத்தில் பெர்லின் குழு பாடிய ‘டேக் மை பிரெத் அவே’ நேர் எதிர். தாழ்ந்த சிந்தசைசர் சுரங்கள் இழுத்து இழுத்து நகர, அவசரமே இல்லாத ஒரு காதல். விமானங்கள் இவ்வளவு விரையும் படத்தில் காதலர்களுக்குக் கிடைக்கும் நிதானம் இந்த மெட்டு மட்டுமே. மொரோடருக்கு மூன்றாவது ஆஸ்கரை இது வாங்கிக்கொடுத்தது. வரிகளை எழுதிய டாம் விட்லாக், மொரோடரின் ஃபெராரி காரின் பிரேக்கைச் சரிசெய்து கொடுத்து அறிமுகமானவர். திறமை எந்த வாசல் வழியாக வரும் என்று சொல்ல முடியாது.

ஃபோர்சி தனியே சாதித்ததையும் குறிப்பிட வேண்டும். ஜான் ஹியூஸ் இயக்கிய ‘த பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ (1985) படத்துக்காக அவரும் ஸ்டீவ் ஷிஃபும் ‘டோன்ட் யூ (ஃபர்கெட் அபவுட் மீ)’ எழுதினார்கள். பில்லி ஐடல் மறுத்தார். பிரையன் ஃபெரி மறுத்தார். ஸ்காட்லாந்தின் சிம்பிள் மைண்ட்ஸ் குழுவும் அடுத்தவர் பாட்டைப் பாடுவதில்லை என்று முதலில் ஒதுங்கியது. இறுதியில் சில மணி நேரத்தில் பதிவு முடிந்தது. சொல் போதாத இடத்தை நிரப்ப ஜிம் கெர் வாய்க்கு வந்த அசைகளைப் பாடி வைத்தார், அவையே நிலைத்துவிட்டன. சனிக்கிழமை தண்டனைக்காகப் பள்ளி நூலகத்தில் அடைபட்ட ஐந்து மாணவர்கள், திங்கட்கிழமை ஒருவரை ஒருவர் கண்டுகொள்வார்களா என்பதே படத்தின் கேள்வி. பாடலும் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது. வேறு ஒரு படத்தில் இதை வைத்தால் இவ்வளவு வலிக்காது.

5. ‘ஃபுட்லூஸ்’: கதையும் பாட்டும் ஒரே கை

ஓக்லஹோமா மாநிலத்தின் எல்மோர் சிட்டி என்ற சிற்றூரில் ஏறத்தாழ நூறாண்டு காலம் பொது நடனத்துக்குத் தடை இருந்தது. 1980-இல் பள்ளி மாணவர்கள் தங்கள் நடன விருந்துக்காகப் போராடி அதை நீக்கவைத்தார்கள். டீன் பிட்ச்ஃபோர்டு அதைப் படமாக எழுதினார். ‘ஃபேம்’ படத்தின் ஆஸ்கர் பாடலை எழுதியவர் அவர். ‘ஃபுட்லூஸ்’ திரைக்கதையும் அவருடையது, பாடல் வரிகளிலும் அவர் கை. வெவ்வேறு மெட்டமைப்பாளர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டையும் கதையின் ஓரிடத்துக்கென எழுதினார். ஒரு நடிகரும் வாயசைக்காத இசை நாடகம் இது.

நடனம் தெரியாத வில்லார்டுக்கு அவன் நண்பன் ரென் ஆடக் கற்றுக்கொடுக்கும் இடத்தைப் பாருங்கள். வயலிலும் பள்ளி மைதானத்திலும் இரண்டு பையன்கள் திணறுகிறார்கள். மேலே டெனீஸ் வில்லியம்ஸின் குரல், குறைகள் நிறைந்த தன் காதலனைக் கொண்டாடும் ஒரு பெண்ணின் பாட்டைப் பாடுகிறது. வில்லார்டு யாருக்காகக் கற்கிறானோ அந்தப் பெண்ணின் குரலாகவே அது கேட்கிறது. வில்லார்டாக நடித்த கிறிஸ் பென்னுக்கு நிஜமாகவே ஆடத் தெரியாது என்பதால் அந்தத் திணறலில் பொய்யில்லை. சில நிமிடத்தில் பல நாட்கள் ஓடி, ஒருவன் மாறியும் விடுகிறான்.

ஆல்பம் பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் ஜிம் ஸ்டைன்மன் மெட்டில் பானி டைலர் பாடிய ‘ஹோல்டிங் அவுட் ஃபார் எ ஹீரோ’, இரண்டு டிராக்டர்கள் நேருக்கு நேர் மோத வரும் காட்சிக்கு ஒலிப்பது. வண்டிகள் ஊர்ந்துதான் வருகின்றன. வேகம் முழுவதும் பாட்டில் இருக்கிறது.

6. ‘பர்ப்பிள் ரெய்ன்’: பாட்டே உரையாடல்

1983 ஆகஸ்ட் 3 அன்று மினியாபொலிஸ் நகரின் ஃபர்ஸ்ட் அவென்யூ அரங்கில், மினசோட்டா நடனக் குழுவுக்கு நிதி திரட்ட பிரின்ஸும் ரெவலூஷன் குழுவும் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். கித்தார் வாசித்த வெண்டி மெல்வாயினுக்கு அது குழுவில் முதல் மேடை, வயது 19. வெளியே நின்ற ஒலிப்பதிவு வண்டி எல்லாவற்றையும் பதிவு செய்தது. ‘பர்ப்பிள் ரெய்ன்’, ‘ஐ வுட் டை ஃபார் யூ’, ‘பேபி ஐம் எ ஸ்டார்’ மூன்றுக்கும் அடித்தளம் அந்த இரவின் பதிவே. தலைப்புப் பாடலைப் பிறகு குறைத்து, தந்தி வாத்தியங்களைச் சேர்த்தார். ஆல்பர்ட் மக்னோலி இயக்கிய படம் 1984 ஜூலையில் வந்தது. மேடைக் காட்சிகள் அதே அரங்கில் எடுக்கப்பட்டன.

மற்றப் படங்களில் கதைக்கு வெளியே நிற்கும் குரல் இங்கே கதைக்குள் வந்துவிடுகிறது. கிட் என்ற நாயகனுக்கு வாயால் பேச வராது. வீட்டில் அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன். காதலி அப்பலோனியாவிடமும் கை ஓங்குகிறான். பேச வேண்டியதை எல்லாம் மேடையில்தான் பேசுகிறான். போட்டியாளன் மாரிஸோடு அப்பலோனியா ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கும்போது, அவளை நோக்கி ‘த பியூட்டிஃபுல் ஒன்ஸ்’ பாடுகிறான். கெஞ்சலில் தொடங்கி அலறலில் முடிகிறது. அவள் கண் கலங்குகிறாள். பிறகு அவளை அவமானப்படுத்த ‘டார்லிங் நிக்கி’யை அதே மேடையில் பாடுகிறான். அன்பும் வன்மமும் ஒரே வாயிலிருந்து, ஒரே ஒலிபெருக்கி வழியாக வருகின்றன.

‘வென் டவ்ஸ் கிரை’ பிறந்த கதை என் வாதத்துக்கு முதன்மையான சான்று. தந்தை, தாய், காதலி மூவரையும் கிட் மனத்துக்குள் போட்டு உழப்பும் ஒரு காட்சித் தொகுப்புக்கு இயக்குநர் பாட்டு கேட்டார். பிரின்ஸ் மறுநாள் இரண்டு பாட்டோடு வந்தார்; இது அவற்றில் ஒன்று. எல்லா வாத்தியங்களையும் தாமே வாசித்தார். பேஸ் கித்தார் வரிசையையும் பதிவு செய்துவிட்டு, பிறகு எடுத்துவிட்டார். நடன இசையில் பேஸ் இல்லாமல் ஒரு பாட்டு வருவதை அன்று யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். டிரம் மெஷின் காய்ந்து தட்டுகிறது, குரல் மேலே தனியாக நிற்கிறது, நடுவே வெற்றிடம். பெற்றோரின் சுபாவம் தன்னுள் இறங்கியிருக்கிறதோ என்று அஞ்சுபவனின் காலடியில் நிலம் இல்லை, பாட்டிலும் இல்லை. ஐந்து வாரம் முதலிடம்.

கடைசிப் பகுதியை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். தந்தை தன்னைத் தானே சுட்டுக்கொண்டு மருத்துவமனையில் கிடக்கிறார். நான் எதையும் எழுதி வைப்பதில்லை, எல்லாம் தலையில் இருக்கிறது என்று ஒருமுறை மகனிடம் சொன்னவர் அவர். வெறியில் வீட்டை அடித்து நொறுக்கும் கிட், பெட்டி பெட்டியாகத் தந்தை கைப்பட எழுதிய இசைக்குறிப்புத் தாள்களைக் காண்கிறான். அதற்குப் பிறகுதான், குழுவில் உள்ள வெண்டியும் லிசாவும் கொடுத்து அவன் இவ்வளவு நாள் அலட்சியம் செய்த மெட்டுக்குக் காது கொடுக்கிறான். ‘பர்ப்பிள் ரெய்ன்’ மேடையேறும்போது அது தந்தைக்குச் சமர்ப்பணம், குழுவின் பெண்களிடம் கேட்கும் மன்னிப்பு, காதலிக்குச் சொல்லும் வருத்தம் எல்லாமாக இருக்கிறது. படத்தின் வசனங்களில் பல இடங்கள் பலவீனமானவை. பெண்களை நடத்தும் விதத்தில் இன்று ஏற்க முடியாத காட்சிகளும் உண்டு. பாட்டுகளில் ஒன்றுகூடப் பலவீனமில்லை.

ஆல்பம் 1984 ஆகஸ்ட் முதல் 1985 ஜனவரி வரை தொடர்ந்து 24 வாரம் முதலிடத்தில் இருந்தது. ‘டார்லிங் நிக்கி’யின் வரிகளைத் தன் மகளின் இசைத்தட்டில் கேட்டு அதிர்ந்த டிப்பர் கோர், மற்றவர்களோடு சேர்ந்து 1985-இல் பெற்றோர் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். அந்தச் செப்டம்பரில் அமெரிக்கச் செனட்டில் விசாரணை நடந்தது; ஃபிராங்க் ஸாப்பா, ஜான் டென்வர், டீ ஸ்னைடர் ஆகியோர் சாட்சி சொன்னார்கள். எச்சரிக்கை முத்திரைகள் ஆல்பங்களில் வந்தது அதன் விளைவு. இளைஞர் இசையைக் கட்டுப்படுத்தும் ஊரைப் பற்றிய ‘ஃபுட்லூஸ்’ வந்து ஓராண்டு சொச்சத்தில் இது நடந்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும்.

7. ‘டர்ட்டி டான்சிங்’: 1963-இல் 1987

கதை 1963 கோடையில், நியூயார்க் மாநில மலைவாச விடுதி ஒன்றில் நடக்கிறது. எமில் ஆர்டலினோ இயக்கிய சிறிய முதலீட்டுப் படம். பல பாடல்கள் ஐம்பது, அறுபதுகளின் அசல்கள். மற்றவை 1987-இல் புதிதாகச் செய்தவை. இறுதிக் காட்சியில் நாயகன் ஜானி மேடையேறும்போது, அவன் உறவினன் பில்லி கிராமபோனில் ஒரு தட்டை வைக்கிறான். 1963-ஆம் ஆண்டுக் கிராமபோன். அதிலிருந்து கிளம்புவது எண்பதுகளின் சிந்தசைசரும் டிரம் ஒலியும் நிறைந்த ‘த டைம் ஆஃப் மை லைஃப்’.

காலப்பிழை என்று இதைக் கழிக்கிறவர்கள் உண்டு. நான் இதைப் படத்தின் துணிச்சலான முடிவாகக் கருதுகிறேன். கதை நாயகி பேபியின் நினைவாகச் சொல்லப்படுகிறது. அந்தக் கோடையின் பாட்டுகள் அந்தக் கோடைக்கு உரியவை. ஆனால் அந்த நடனம் அவளுக்குள் முடியவே இல்லை. பல ஆண்டு கழித்தும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. குரலைத் தேர்ந்ததிலும் யோசனை தெரிகிறது. பில் மெட்லி, அறுபதுகளின் ரைச்சஸ் பிரதர்ஸ் இணையில் ஒருவர். அவருடைய கனத்த தாழ்குரல் தாளத்துக்கு முன்பே தொடங்கி, பழைய காலத்தையும் புதிய ஒலியையும் ஒரே மூச்சில் இணைத்துவிடுகிறது. (ஓராண்டு முன்பு ‘டாப் கன்’ மதுக்கூடக் காட்சியில் டாம் குரூஸ் பாடுவதும் இதே இணையின் 1964-ஆம் ஆண்டுப் பாட்டுதான்.) உடன் பாடும் ஜெனிஃபர் வார்ன்ஸ், 1982-இல் ‘அன் ஆபீசர் அண்ட் எ ஜென்டில்மேன்’ படத்துக்காக ஜோ காக்கரோடு பாடிய பாட்டும் ஆஸ்கர் வென்றது.

படப்பிடிப்பில் ஓடியது பாடலை எழுதியவர்களில் ஒருவரான ஃபிராங்க் பிரெவிட்டின் டெமோ. பேட்ரிக் ஸ்வேஸியும் ஜெனிஃபர் கிரேயும் அதற்குத்தான் ஆடினார்கள். ஆல்பம் 18 வாரம் முதலிடத்தில் இருந்தது. உலகெங்கும் 3 கோடிக்கு மேல் விற்றது.

8. மாறான சான்றுகள்

‘ஃப்ளாஷ்டான்ஸ்’ படத்தின் ‘மேனியாக்’ பாடல், மைக்கேல் செம்பெல்லோவும் டென்னிஸ் மட்கோஸ்கியும் ஒரு கொலைவெறியனை மனத்தில் வைத்து எழுதியது. இசை மேற்பார்வை செய்த ஃபில் ரமோனுக்கு மெட்டு பிடித்தது. வரிகள் மாறின, வெறி மட்டும் நடனவெறியாகத் தங்கியது. ஜோயல் ஷூமாக்கரின் ‘செயின்ட் எல்மோஸ் ஃபயர்’ (1985) படத்துக்கு டேவிட் ஃபாஸ்டரும் ஜான் பாரும் எழுதிய பாட்டின் உந்துதல், சக்கர நாற்காலியில் உலகைச் சுற்றிய கனடியர் ரிக் ஹேன்சன். படத்தின் இளைஞர்களோடு அந்த வரிகள் பொருந்தவில்லை. முதலிடம் பிடித்த பாட்டானாலும் படத்தில் அது ஒட்டாமலே நிற்கிறது. இது என் வாதத்துக்கு உதவி.

உதவாதது ‘சே எனிதிங்’. கேமரன் குரோ இயக்கிய இப்படத்தில் ஜான் கியூசாக் காதலியின் வீட்டு வாசலில் கேசட் பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்பார். ஒலிப்பது பீட்டர் கேப்ரியலின் ‘இன் யுவர் ஐஸ்’. 1986-இல் வேறு யாருக்காகவோ எழுதப்பட்டு, ‘சோ’ ஆல்பத்தில் வந்தது. படப்பிடிப்பின்போது பெட்டியில் ஓடியது ஃபிஷ்போன் குழுவின் துள்ளல் பாட்டு. எடிட்டிங்கில் எதுவும் பொருந்தாமல் திணறி, கடைசியில் இந்தப் பாட்டை வைத்ததும் காட்சி உயிர்த்தது. ஆக, அளவெடுத்துத் தைப்பது ஒன்றே வழி என்று சொல்லிவிட முடியாது. காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதற்குரியது கிடைக்கும்வரை தேடும் பொறுமை இருந்தால் இரவல் பாட்டும் சொந்தமாகிவிடுகிறது. எடிட்டிங் மேசையின் தீர்ப்பு இங்கேயும் மாறவில்லை.

9. தட்டில் வராத படம்

ஜான் ஹியூஸ் எழுதிய ‘பிரிட்டி இன் பிங்க்’ (1986) படத்தில் நாயகி ஆண்டி கடைசியில் நண்பன் டக்கியோடு சேர்வதாக முடிவு இருந்தது. சோதனைத் திரையிடலில் பார்வையாளர்கள் ஏற்கவில்லை. முடிவு மாறியதும், பழைய முடிவுக்கென ஓஎம்டி குழு எழுதியிருந்த பாட்டு பயனற்றுப்போனது. அவர்கள் ஒரு நாளைக்குள் ‘இஃப் யூ லீவ்’ எழுதிக் கொடுத்தார்கள். அது நான்காம் இடம் வரை ஏறியது.

அதே ஆண்டு ஹியூஸ் இயக்கிய ‘ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்’ நிறையப் பாடல்கள் கொண்டது. பெரும் வெற்றியும் பெற்றது. ஆல்பம் போட்டால் பணம் கொட்டும் காலம். ஹியூஸ் போடவில்லை. இந்தப் பாட்டுகள் படத்தில்தான் சேர்ந்து நிற்கும், ஒரே தட்டில் அடுக்கினால் நிற்காது என்பது அவர் எண்ணம். அந்தப் படத்துக்கு முறையான ஆல்பம் வெளிவந்தது 2016-இல், அவர் மறைந்து ஏழு ஆண்டுக்குப் பிறகு.

ஹியூஸின் எண்ணம் சரியானது. இன்று இந்தப் பாடல்கள் கைப்பேசியில் தனித்தனியே, படத்திலிருந்து பிய்ந்து கிடைக்கின்றன. அப்படிக் கேட்டுப் பழகிய வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘ராக்கி 3’ படத்தின் முதல் பத்து நிமிடத்தையும், ‘ஃப்ளாஷ்டான்ஸ்’ படத்தின் கடைசி நடனத்தையும், ‘பர்ப்பிள் ரெய்ன்’ படத்தை முழுவதுமாகவும் திரையில் பாருங்கள். நல்ல ஒலிபெருக்கியில் கேளுங்கள். கைப்பேசியின் சிறிய ஒலியில் டிரம் மெஷினின் அடி விழுவதே இல்லை.